காது மடல் பதம்

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொள் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. அதனால் போய்க்கொண்டிருந்தான். மனைவி இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. முன்பு இரண்டு டிக்கெட் எடுத்த அதே பதினொரு மணி பஸ்ஸில் இப்போது ஒரு டிக்கெட் எடுத்தான். வேறென்ன மாறியது என்று யாராவது கேட்டிருந்தால் அவ்வளவுதான் என்றிருப்பான். யாரும் கேட்கவில்லை.

போனாலும் பெரிய பேச்சு இருக்காது. மாமியார் தட்டு வைப்பார். மாமனார் செய்தித்தாளைக் கவனமாகப் பிரித்துப் பாதியை அவனிடம் நீட்டுவார். இறந்துபோனவளைப் பற்றி மூன்று பேரும் வாய் திறக்க மாட்டார்கள். நாலு மணிக்கு அவன் கிளம்பிவிடுவான். வாரத்தின் மற்ற ஆறு நாளும் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைச் சோதித்து, 'குடிக்க ஏற்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவன் வேலை.

அந்த ஞாயிறு கதவைத் திறந்ததும் கால் ஒரு பையில் இடறியது. வாய் கட்டி, பயணத்துக்குத் தயாராக நின்ற துணிப்பை. வீடு முழுக்கச் சர்க்கரை கருகிய வாசனை.

"வாங்க மாப்ள. பையப் பாத்துக் கால வைங்க," என்றார் மாமியார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கை வரைக்கும் மாவுக்கட்டுக்குள் இருந்தது. பத்து நாள் முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு விட்டுப்போயிருந்தது. கட்டுப் பிரிக்க இன்னும் ஆறு வாரம் இருந்தது.

"எங்க போறீங்க அத்தை?"

"எங்க தங்கச்சி வீட்டுக்கு. அஞ்சு மணிக்குக் கார் எடுத்துட்டு வர்றா." அவர் முகத்தைச் சமையலறைப் பக்கம் திருப்பி, அங்கேயும் கேட்கட்டும் என்பதுபோலக் குரலை உயர்த்தினார். "இங்க ஒருத்தர், என்னை உக்கார வச்சுச் சோறு போடுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. அதுக்குப் பந்தயம் வேற கட்டியிருக்காரு."

பந்தயத்தின் கதை இது. திங்கட்கிழமை மாமியாரின் தங்கை வந்திருக்கிறாள். மனைவி அழைத்தபடி அவனும் அவளைச் சித்தி என்றுதான் அழைப்பான். பேச்சில் உப்பும் காரமும் தூக்கலாகவே இருக்கும் பெண்மணி. அவள் வந்த நேரம் பார்த்து அடுப்பில் ஒரு பாத்திரம் அடி கருகிப் புகைந்துகொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"இதுல என்ன வச்சீங்க அத்தான்?"

"வெந்நீர்."

"சுடுதண்ணியத் தீய வச்ச மொத ஆளு நீங்கதான்," என்றிருக்கிறாள் சித்தி. "அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன். உங்க கையில விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது."

"நான் பாத்துக்கிறேன்."

"பாத்துக்கிறீங்களா? சரி. அதோ, நாலு வருஷமா முக்காடு போட்டு உக்காந்திருக்கே ஒரு ஓவன், அதுல ஒரு இனிப்பு ரொட்டி சுட்டு வைங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன். வாயில வைக்கிற மாதிரி இருந்தா அக்கா இங்கயே இருக்கட்டும்."

அந்த ஓவன் மகள் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தது. அம்மாவுக்கு மின்சாரம் என்றால் பயம். துணி போர்த்தி, மேலே பழைய செய்தித்தாள்களை அடுக்கி, பத்திரமாக வைத்திருந்தார்.

சித்தி விளையாட்டாகத்தான் சொன்னாள். நாற்பது வருடம் லேத் பட்டறையில் கடைசல் பிடித்த ஒருவரிடம் எதையும் விளையாட்டாகக் கேட்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியவில்லை. பட்டறையில் மாமனாருக்கு 'மில்லி' என்று பேர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அவர் கையிலிருந்து ஒரு உருப்படி வெளியே போகாது.

"எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா மாப்ள," என்றார் மாமியார், இப்போது குரலைத் தாழ்த்தி. "முப்பத்தேழு வருஷத்துல, பாப்பாவோட ஆஸ்பத்திரியில இருந்தது தவிர, ஒரு ராத்திரி இந்த வீட்ட விட்டு வெளிய தங்கினதில்ல. ஆனா போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லணும்ல? சொல்ல மாட்டாரு. மாவோடதான் மல்லுக்கட்டுவாரு."

மகளைப் பாப்பா என்று அவர் சொல்லிக் கேட்டுப் பல மாதமாகியிருந்தது. அவன் பையை ஓரமாக நகர்த்திவிட்டுச் சமையலறைக்குப் போனான்.

மாமனார் பட்டறைக் காலத்துக் காக்கி மேலங்கியைப் போட்டிருந்தார். அதன் பையில் வெர்னியர் அளவுகோல். ஓவனின் தலையிலிருந்த செய்தித்தாள்கள் போய், அங்கே ரசமட்டம் உட்கார்ந்திருந்தது. அதற்குள் இருந்த குமிழி நட்டநடுவில் நின்றது. ஓவனின் பின்பக்க இடது காலுக்கு அடியில் இரண்டாக மடித்த அட்டை. ஜன்னல் விளிம்பில் மூன்று ரொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் எண் எழுதியிருந்தது. ஒன்றாம் எண் செங்கல்லுக்குத் தங்கை. இரண்டாம் எண்ணை வாசலில் போட்டால் மிதியடி என்று நினைத்து யாரும் கால் துடைப்பார்கள். மூன்றாவது இன்று காலையில் வெந்தது. மேலே கருகி, நடுவில் குழிந்து, புளித்த வாடையோடு இருந்தது.

"இதெல்லாம் தூக்கிப் போடலயா மாமா?"

"தப்பான பீஸத் தூக்கிப் போட்டா அடுத்த பீஸ எத வச்சுத் திருத்துறது?"

அவர் குரலில் அலுப்பு இல்லை. அதுதான் அவனுக்கு ஆச்சரியம். ஆறு நாளாகத் தோற்றவரைப் போலவே இல்லை. ஆறு நாளாக வேலைக்குப் போய் வந்தவரைப் போல இருந்தார்.

"இன்னும் ஒரு தடவைக்குத்தான் மாவு இருக்கு மாப்ள. ஈஸ்டும் டப்பா அடியில ஒரு ஸ்பூன். மூணாவதுல எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். மாவுதான் ஒத்துழைக்கல." நோட்டை அவன் பக்கம் தள்ளினார். "நீங்க படிச்சவர். பாருங்க."

கோடு போட்ட நோட்டில், அச்செழுத்துப் போன்ற கையெழுத்தில், ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு பக்கம். மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: மாவு உருண்டையின் விட்டம் (மில்லிமீட்டரில்), ஆரம்பத்தில் 140. அரை மணியில் 151. ஒரு மணியில் 170. ஒன்றே கால் மணியில் 177. அதற்குப் பிறகு 186. பிறகு 181. மூன்றரை மணியில் 172. கடைசியில் ஒரு குறிப்பு: 'மாவு கோபித்துக்கொண்டது.' பக்கத்தின் தலையில், வட்டம் போட்டு, 'இலக்கு 280'.

ஓவனோடு வந்த சமையல் புத்தகம் பக்கத்தில் திறந்திருந்தது. 'மாவு இரண்டு மடங்காகும் வரை காத்திருக்கவும்' என்ற வரியின் கீழ் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்திருந்தது.

அவனுக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சொல்வதா வேண்டாமா என்று நின்றான். இந்த வீட்டில் அவன் மனதில் பட்டதைச் சொல்லிப் பல நாளாகிவிட்டது. எதைச் சொன்னாலும் அது அதிகமாகப் போய்விடும் என்று தோன்றும். கூடத்தில் பை கிளம்பத் தயாராக நின்றதை நினைத்தான்.

"மாமா, ரெண்டு மடங்குன்னா எது ரெண்டு மடங்கு? அகலமா, மொத்த மாவா?"

மாமனார் மேலங்கிப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அதை ஒன்றும் செய்யாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கூடத்திலிருந்து, "என்ன, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டது.

"குறுக்க ரெண்டு, நெடுக்க ரெண்டு, உயரம் ரெண்டு," என்றார் மெதுவாக. "எட்டு. எட்டு மடங்கு. ஒரு மாவ வச்சுக்கிட்டு எட்டு மாவுக்குக் காத்துட்டு இருந்திருக்கேன்."

"பரவால்ல மாமா."

"கடைசல் பிடிக்கிறவனுக்கு எல்லாமே விட்டந்தான் மாப்ள. கம்பியும் விட்டம், ஓட்டையும் விட்டம். நாப்பது வருஷம் அப்படியே பாத்த கண்ணு."

வேறு யாராக இருந்தாலும் மாப்பிள்ளை முன்னால் முகம் சுண்டியிருக்கும். புத்தகத்தை, ஈஸ்டை, கொழுந்தியாளைக் குறை சொல்லியிருப்பார்கள். அவர் நோட்டை இழுத்து, 'மாவு கோபித்துக்கொண்டது' என்பதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, கீழே எழுதினார்: 'தவறு என்னுடையது. மாவினுடையது அல்ல.' தேதி போட்டார்.

அவன் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பரிசோதனைக் கூடத்தில் எத்தனையோ அறிக்கை படித்திருக்கிறான். இப்படி ஒரு வரியை யாரும் எழுதி அவன் பார்த்ததில்லை.

அதற்குள் மாமனார் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் முதுகில் பெருக்க ஆரம்பித்திருந்தார். "ஒண்ணே காலை மூணு தடவை பெருக்கினா... ஒண்ணு புள்ளி ஒம்பது அஞ்சு. கொஞ்சம் பத்தல. ஒண்ணு புள்ளி ரெண்டு ஆறு." பென்சில் ஓடியது. "வந்துட்டான். ரெண்டு. அப்ப நூத்தி நாப்பதுக்கு நூத்தி எழுபத்தாறு. பாருங்க, ஒண்ணே கால் மணியிலயே மாவு தயாரா இருந்திருக்கு. நான்தான் விடல."

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

வேலை தொடங்கியது. மாவைத் தராசில் கிராம் கணக்காக நிறுத்தார். பால் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அவர் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கழுவித் துடைத்துப் பாலில் விட்டார்.

"எத்தனை டிகிரி?" என்று கூடத்திலிருந்து மாமியார் கேட்டார்.

"முப்பத்தேழு."

"அப்ப பாலுக்கு ஜுரம் இல்ல. எனக்குத்தான் வரப்போகுது."

மாமனார் பாலில் சர்க்கரையையும் ஈஸ்டையும் கலந்து நுரைக்க விட்டார். நுரைத்ததும் மாவில் ஊற்றி, வெண்ணெய் சேர்த்து, பிசைய ஆரம்பித்தார். அவன் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரு தள்ளு, விரல்களால் ஒரு மடிப்பு, கால் வட்டம் ஒரு திருப்பு. ஒவ்வொரு தள்ளும் முந்தைய தள்ளின் அதே இடத்தில் ஆரம்பித்து அதே இடத்தில் முடிந்தது. உதடு எண்ணிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை வெந்நீரைத் தீய வைத்த கை இது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

முந்நூறில் நிறுத்தினார். "இங்கதான் ஒரு சிக்கல்," என்றார். "'காது மடல் போல மென்மையாகும் வரை பிசையவும்'னு போட்டிருக்கான். காது மடல் எத்தனைன்னு போடல."

"முன்னாடி எத வச்சுப் பாத்தீங்க?"

"என் காதத்தான்." மாவு ஒட்டிய விரலால் தன் காதைப் பிடித்துக் காட்டினார். "இது அறுபத்தாறு வருஷத்துக் காது. லேத்துச் சத்தத்துல காஞ்சு போனது. மொத ரொட்டியப் பாத்தீங்கல்ல?" மாவை ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு கூடத்துக்குப் போனார். "ஏம்மா, காதக் கொஞ்சம் காட்டு."

"மாவுக் கையோட கிட்ட வராதீங்க. முப்பது வருஷமாத் தோடு தொங்கித் தொங்கி இழுபட்ட காது இது. இத வச்சா ரொட்டி செருப்பு மாதிரிதான் வரும்." ஜன்னலிலிருந்த இரண்டாம் எண் ரொட்டி அவர் காதின் கைங்கரியமாக இருக்கலாம். "அதோ மாப்ள நிக்கிறாரு. எளசான காது. அதப் பாருங்க."

மாமனார் திரும்பி வந்து அவன் முன்னால் நின்றார். ஒரு கணம் தயங்கினார். "மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க," என்று சொல்லிவிட்டு வலது கையை உயர்த்தி அவனுடைய இடது காது மடலைப் பிடித்தார். இடது கை மாவில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"அசையாதீங்க."

அவன் அசையவில்லை. அந்த விரல்கள் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்திருந்தன. ஆனால் பிடி அவ்வளவு லேசாக இருந்தது. பதினான்கு மாதத்தில் அவன் முகத்தருகே வந்த கை முடிவெட்டுபவருடையது மட்டும்தான். இங்கே ஒரு வயதான மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, உலகத்தில் வேறு வேலையே இல்லாததுபோல, அவன் காதின் மென்மையைக் கவனித்துக்கொண்டிருந்தார்.   

"இன்னும் அம்பது பாக்கி," என்றார் மாமனார், கண்ணைத் திறந்து. ஐம்பது தள்ளு தள்ளினார். மறுபடி வந்து காதைப் பிடித்தார். "இப்ப சரி. உங்க காதும் இதுவும் அண்ணன் தம்பி."

மாவைத் தட்டில் உருண்டையாக வைத்தார். வெர்னியரை விரித்து மூன்று பக்கம் அளந்தார். நூற்று நாற்பது. பிறகு அலமாரியிலிருந்து ஒரு கம்பித் துணிமாட்டியை எடுத்து, குறடால் நேராக்கி, வளைத்து, நூற்று எழுபத்தாறு விட்டத்தில் ஒரு வளையம் செய்தார். பத்தே நிமிடம். அதை மாவைச் சுற்றித் தட்டில் வைத்தார். மாவுக்கும் கம்பிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளி.

"இனி அளக்க வேண்டியதில்ல. மாவு போய்க் கம்பியத் தொட்டா எடுத்துடணும். பட்டறையில இப்படித்தான், ஆயிரம் பீஸ் இருந்தா ஆயிரத்தையும் அளக்க மாட்டோம். ஒரு அச்சு செஞ்சு வச்சுப்போம்." வளையத்தையும் அளந்தார். முகம் மாறியது. "ஒரு பக்கம் அரை மில்லி கூட இருக்கு."

"மாவுக்குத் தெரியாது மாமா," என்றான் அவன்.

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். கூடத்தில் நாற்காலி முனகியது. "யாரு அது பேசினது?" என்றார் மாமியார். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் கூடத்திலேயே இருந்தது.

ஈரத்துணி போர்த்தி, அடிக்கடி ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். எழுபத்திரண்டாவது நிமிடத்தில் மாவு ஒரு பக்கம் கம்பியைத் தொட்டது. எழுபத்தாறாவது நிமிடத்தில் சுற்றிலும் தொட்டு நின்றது. அரை மில்லி கூடியிருந்த பக்கமும்தான். மாமனார் இவ்வளவு நேரம் பிடித்திருந்த மூச்சை விட்டார். மாவை மெதுவாக அமுக்கி, நீளவாக்கில் உருட்டி, நெய் தடவிய தகர அச்சில் வைத்து, இன்னொரு முறை உப்ப விட்டார். மேலே பால் தடவி ஓவனுக்குள் வைத்தபோது மணி இரண்டரை.

அரை மணி நேரம் அவர் முக்காலியைப் போட்டுக் கண்ணாடிக் கதவின் முன் உட்கார்ந்திருந்தார். நாலு மணி பஸ்ஸைப் பற்றி அவனுக்கு நினைவு வரவில்லை. ரொட்டி எழும்பியது. முதலில் ஓரங்கள், பிறகு நடு. வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து தேன் நிறமாகியது. காலையில் இருந்த கருகல் வாசனையை ஓரமாகத் தள்ளிவிட்டு வெண்ணெயும் பாலும் கலந்த ஒரு வாசனை கூடம் வரைக்கும் போயிற்று. மாமியார் பேச்சை நிறுத்திவிட்டார்.

வெளியே எடுத்து, அச்சிலிருந்து கவிழ்த்து, மாமனார் ரொட்டியின் அடியை விரல் கணுவால் தட்டினார். காதை அருகே கொண்டுபோய்க் கேட்டார்.

"வார்ப்புல விரிசல் இருந்தா சத்தமே காட்டிக்கொடுத்துடும். இது சுத்தமா இருக்கு."

சித்தி ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டாள். காரை அணைக்கக்கூட இல்லை. "கிளம்பலாமாக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவள் வாசனை பிடித்து நின்றாள். மேசையில் பலகை மேல் ரொட்டி இருந்தது. கத்தியை மாமனார் அவள் பக்கம் நீட்டினார். அவள் ஒரு துண்டு வெட்டினாள். உள்ளே பஞ்சு மாதிரி, சின்னச் சின்னக் கண்களோடு இருந்தது. வாயில் போட்டாள். மென்றாள்.

"இது கடையில வாங்கினது அத்தான்."

மாமனார் ஜன்னலைக் கை காட்டினார். சித்தி போய் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் பார்த்தாள். ஒன்றாம் எண்ணைக் கத்தியின் பிடியால் தட்டினாள். டக் என்றது.

"இத எந்தக் கடையிலயும் விக்க மாட்டாங்கதான்," என்றாள். திரும்பி வந்து இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டாள். அதைத் தின்றுவிட்டுத்தான் பேசினாள். "சரி அத்தான், தோத்துட்டேன். ரொட்டி சுட்டுட்டீங்க. ஆனா ஆறு வாரமும் ரொட்டியவா திங்கிறது? அக்காவுக்குத் தல வாரிவிட யாரு? ஊக்கு மாட்டிவிட யாரு? நான் அக்காவுக்காகத்தான் கேக்கிறேன்."

நியாயமான கேள்வி. மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மாமனாரைப் பார்த்தான். அவர் மேலங்கிப் பையில் கையை விட்டு வெர்னியரைத் தேடினார், எதையோ அளக்கப்போகிறவர்போல. பிறகு வெறும் கையை வெளியே எடுத்தார்.

"அவ போக வேணாம்," என்றார். குரல் கரகரத்தது. "தல வாரத் தெரியாதுதான். பழகிக்கிறேன். மொத மூணு தடவை சரியா வராது."

வெளியே கார் உறுமிக்கொண்டே இருந்தது.

"எனக்கு ஒரு துண்டு வெட்டு," என்றார் மாமியார் தங்கையிடம். இடது கையை நீட்டினார். "பெருசா வெட்டு. அப்புறம் போய் அந்தக் காரை அணை. பெட்ரோல் என்ன தண்ணியா?"

யாரும் சொல்லாமலேயே அவன் எழுந்து போய்ப் பையை எடுத்தான். நினைத்ததைவிட லேசாக இருந்தது. ஆறு வாரத்துக்குக் கிளம்பியவர் இரண்டு நாளைக்கான துணிகூட வைத்திருக்கவில்லை. அதை உள்ளறையில் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான்.

திரும்பி வந்தபோது அவனுக்கும் ஒரு துண்டு தட்டில் இருந்தது. தின்றான். இன்னொன்று எடுத்தான். மூன்றாவதை எடுக்கும்போதுதான் தனக்குப் பசித்துக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்தது.

"மாப்ள, காதுல மாவு," என்றாள் சித்தி.

"தெரியும் சித்தி."

மாமனார் நோட்டில் நான்காம் பக்கத்தை எழுதி முடித்து, மை காய ஊதிக்கொண்டிருந்தார். அவன் எட்டிப் பார்த்தான். 'விட்டம் 140, 176. வேகும் நேரம் 32 நிமிடம். உப்பு ஒரு கிராம் குறைக்கலாம்.' அதற்குக் கீழே, அளவுகள் என்று தலைப்பிட்டு, 'வளையம், ஆணியில் மாட்டியுள்ளது. காது மடல், மாப்பிள்ளையுடையது, இடது.'

மாமியாரும் கழுத்தை நீட்டிப் படித்தார். "பாத்துக்குங்க மாப்ள," என்றார். "உங்க காது வராம இனி இந்த வீட்டுல மாவு பிசைய மாட்டாரு. அடுத்த வாரம் கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க."

அவன் காதைத் தொட்டுப் பார்த்தான். மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

"பத்து மணி பஸ்ல வந்துடுறேன் அத்தை," என்றான்.